ஒரு நெடில், இரு குறில்

பன்னிரண்டு பிரதிகள் கேட்டு எழுதியிருந்தேன்.
அஞ்சல் படகு முப்பதை இறக்கிவிட்டுப் போனது.
கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்.
திருப்பி அனுப்பலாம் என்று
உப்பு மூட்டைக்கும் ரப்பர் காலணிக்கும் நடுவே
கட்டைப் பிரிக்காமல் வைத்தேன்.
மாலைக்குள் கட்டு இல்லை.

எழுதியவள் தீர்ஃபின்னா.
பத்தொன்பது ஆண்டுகளாய்
எங்கள் தொலைபேசி நிலையத்தில் அவள் ஒருத்திதான்.

கழிமுகம் முழுக்க ஒரே கம்பி.
வீட்டுக்கு வீடு மணியோசை வேறு:
பெர்க்லியோத்துக்கு இரண்டு நெடில்,
பாதிரியாருக்குக் குறில் நெடில் குறில்,
கூட்டுறவுக் கடைக்கு, அதாவது எனக்கு, மூன்று குறில்.
யாருக்கு அடித்தாலும் எல்லாரும் எடுப்போம்
மூச்சை அடக்கிக்கொண்டு.
காதும் காதும் வைத்தாற்போல் என்பது
எங்களுக்கு வெறும் சொலவடை இல்லை.

கேட்கிறவர்கள் கூடக் கூடப்
பேசுகிறவர் குரல் தேயும்.
மருத்துவரைக் கூப்பிடும்போது மட்டும் அவள் அதட்டுவாள்:
“வையுங்கள் எல்லாரும்.”
ஒன்று, இரண்டு, ஏழு.
கம்பியில் வழிவிட்டு நாங்கள் விலகும் ஓசை.

நாவலில் ஊருக்கு வேறு பெயர்.
மலையை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்த்தியிருந்தாள்.
ஏமாந்தவர் எவருமில்லை.

பசுவுக்கு மடி வீங்கியதைச் சொல்லிக்கொண்டே
தங்கையிடம் கடன் கேட்கிறாளே,
நூற்றுப் பத்தாம் பக்கம், அது நான்தான் என்று
கடை நடுவில் நின்று சொன்னாள் பெர்க்லியோத்.
கோபமா பெருமையா, பிடிபடவில்லை.
பாதிரியார் எண்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டார்.
ஈஸ்லேய்வுர்,
தன் மனைவி இரவு ஒன்பது மணிக்கு
யாரோடு பேசாமல் பேசினாள் என்று கண்டுகொண்டவன்,
படகுக்குத் தார் பூசப் போனான்.
டிசம்பரில்.

எனக்கு நாலு வரி. எடைக்கல்லைப் பற்றி.
அதை இங்கே சொல்வதாயில்லை.

ஆடு எண்ணுகிறார்கள், காப்பி வடிகிறது,
பனி பாதையை மூடுகிறது, யாரோ திறக்கிறார்கள்.
“ஒன்றுமே நடக்காத நாவல்” என்றது
தலைநகரத்துச் செய்தித்தாள்.
இங்கே மூன்று வீடுகளில் பேச்சு நின்றிருந்தது.

கழிமுகத்தின் கடைக்கோடியில் ஆஸ்பிராண்டுர்.
ஒரு நெடில், இரு குறில்.
அந்த மணி அடித்து நான் கேட்டதேயில்லை.
அவனும் யாரையும் அழைத்ததில்லை.
மூன்று முறை படித்தானாம்.
“நான் இதில் இல்லை” என்றான்
மெழுகுவத்திக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே.
புகார் இல்லை.
பட்டியில் ஓர் ஆடு குறைகிறது என்பதுபோல.

ஜனவரியில், புயலடித்த ஓர் இரவு,
நிலையத்தை அழைக்கும் ஒற்றை நெடில்.
எல்லாரும் எடுத்தோம்.

“யாருக்கு இணைக்கட்டும்?”
“யாருக்கும் வேண்டாம்.”
பிறகு நெடுநேரம் காற்று.
“வடகிழக்கு” என்றான்.
“காலையில் கஞ்சிக்கு உப்புப் போடவில்லை.
தின்றுவிட்டேன்.
மாலையில் நரி வந்தது, பார்த்தது, போனது.
கொட்டகைக் கதவில் ஒரு கீல் போய்விட்டது.”
சொல்லச் சொல்லக் குரல் இளைத்தது
எங்கள் அத்தனை காதுகளின் பாரத்தில்.

தீர்ஃபின்னா யாரையும் அதட்டவில்லை.
அவள் பக்கம் தாள் புரளும் சத்தமும் இல்லை.
ஆனாலும் ஒரு ‘டொக்’.
இன்னொன்று.
பெர்க்லியோத்தாகத்தான் இருக்கும்,
அவள் எப்போதும் படாரென்று வைப்பவள்.
ஒவ்வொன்றுக்கும் அவன் குரல்
ஒரு சாண் கிட்டே வந்தது.

நான் மட்டும் வைக்கவில்லை.
அந்தக் கீல் பேச்சு திரும்ப வருமா என்று காத்திருந்தேன்.
வரவில்லை. பெட்டைக் குதிரையைப் பற்றிப் பேசினான்.

விடிந்ததும் கைப்பிடியைச் சுற்றினேன்:
ஒரு நெடில், இரு குறில்.
ஊரே எடுத்தது.
“கீல் என்ன அளவு?” என்றேன்.
“கடையில் இரண்டு அளவுதான் இருக்கிறது.”